திங்கள் காலைக்கும் அதே கார்: ஹோண்டா என்எஸ்எக்ஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பலரிடம் இன்னொரு காரும் இருக்கும். வேலைக்குப் போக, காய்கறி வாங்க, பிள்ளையைப் பள்ளியில் விட அந்த இரண்டாவது கார்தான். வேகக்கார் உறை போர்த்தியபடி நிற்கும். வானம் தெளிவாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வெளியே வரும், அப்புறம் மறுபடி உறைக்குள் போய்விடும். செலவுக்குப் பயந்து அப்படி வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், அந்த மாதிரிக் காரோடு ஒரு திங்கட்கிழமை காலையைக் கழிப்பது உடம்புக்கே சிரமம் என்பதுதான்.

1980களின் வேகக்கார்களை நினைத்துப் பாருங்கள். லம்போர்கினி கவுன்டாச்சைப் பின்னால் எடுக்க வேண்டுமானால், ஓட்டுபவர் கதவை மேலே தூக்கிவிட்டு, கதவடி விளிம்பில் ஏறி உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டுவது வழக்கம். உள்ளேயிருந்து பார்த்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. கனமான கிளட்ச், உட்கார்ந்தால் மடங்கிப்போகும் கழுத்து, வெயிலில் தோற்றுப்போகும் ஏசி, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பட்டறை. இவ்வளவையும் பொறுத்துக்கொள்வதுதான் வேகத்துக்குக் கொடுக்கும் விலை என்று வாங்கியவர்களும் நம்பினார்கள், செய்தவர்களும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை ஒரு நிறுவனம் நேராக நின்று மறுத்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1990ல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ்தான் இந்த ஆய்வின் பொருள். இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், இரண்டே இருக்கை, உயரம் 1.17 மீட்டர். வடிவத்தில் முழு வேகக்கார். அதையே தினமும் ஓட்டலாம் என்று சொல்லி விற்றார்கள். அந்தச் சொல் எந்த அளவுக்கு மெய்யானது, எங்கே சறுக்கியது என்பதைப் பார்க்கலாம்.

தொடக்கம்

1984ல் ஹோண்டா, இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்திடம் எச்பி-எக்ஸ் என்ற மாதிரிக் காரை வடிவமைக்கச் சொன்னது. நடுவில் இன்ஜின் வைத்த வேகக்கார் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. முதலில் அளவுகோலாக வைத்தது ஃபெராரி 328; பிறகு 348. தலைமைப் பொறியாளர் ஷிகேரு உஎஹாரா.

உஎஹாராவின் குழுவுக்கு முன்னால் இருந்த கேள்வியைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்து விளங்கும். ஃபெராரிக்கு இணையான வேகம் வேண்டும். அதே சமயம் ஹோண்டாவின் சாதாரணக் குடும்பக் காரான அக்கார்டு ஓட்டிப் பழகிய ஒருவர் சாவியை வாங்கி, யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். குதிரைத்திறனை ஏற்றிக்கொண்டே போனால் முதல் பாதி கிடைத்துவிடும். ஆனால் பெரிய இன்ஜின் என்றால் எடை கூடும், எடை கூடினால் டயர் அகலமாகும், ஸ்பிரிங் கடினமாகும், ஸ்டியரிங் கனக்கும். தினசரி ஓட்டத்துக்கான இதம் ஒவ்வொன்றாகப் போய்விடும். ஆகவே அவர்கள் எடையில் கை வைத்தார்கள்.

உடல் முழுவதையும் அலுமினியத்தில் செய்தார்கள். அலுமினிய மோனோகாக் உடலோடு, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் தானே பாரத்தைத் தாங்கும் உடலோடு, தொடர் உற்பத்திக்கு வந்த முதல் கார் இதுதான். ஹோண்டாவின் கணக்குப்படி, ஸ்டீலில் செய்திருந்தால் ஆகியிருக்கும் எடையைவிடச் சுமார் 200 கிலோ குறைந்தது. அதில் 140 கிலோ உடலில் மட்டும். மொத்தக் காரின் எடை 1,350 கிலோ. அதனால் ஆறு சிலிண்டர் கொண்ட 3 லிட்டர் வி6 இன்ஜினே போதுமானதாயிற்று. ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்றும், அமெரிக்காவில் 270 என்றும் குறித்தார்கள்.

இதற்கென்றே ஜப்பானின் டோச்சிகி மாநிலத்தின் தகானேசாவாவில் தனித் தொழிற்சாலை எழுந்தது. சுமார் 200 பேர். ஒவ்வொருவருக்கும் குறைந்தது 10 ஆண்டு அனுபவம். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 25 கார். சாதாரணக் கார் தொழிற்சாலையில் இவ்வளவு கார்கள் வெளியே வர அரை மணி நேரம்கூட ஆகாது.

இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்

என்எஸ்எக்ஸின் உள்ளே முதலில் கண்ணில் படுவது வெளியுலகம்தான். டாஷ்போர்டு தாழ்வாக இருக்கிறது, கண்ணாடித் தூண்கள் ஒல்லியாக இருக்கின்றன, முன் சக்கரங்களுக்கு மேலே எழும் இரண்டு மேடுகளும் இருக்கையிலிருந்தே தெரிகின்றன. கார் எங்கே முடிகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. எப்-16 போர் விமானத்தின் விமானி அறையை மனதில் வைத்து இதை வரைந்தார்கள். சுற்றிலும் 311.8 பாகைக்குப் பார்வை கிடைக்கிறது என்பது ஹோண்டா சொன்ன கணக்கு. தசமத்துக்குப் பிறகு உள்ள எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்று வழிச் சாலையில் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே தடம் மாறுகிறவருக்கு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் ஏதாவது தெரியுமா தெரியாதா என்பது உயிர்ப் பிரச்சினை. வேகக்கார் ஓட்டுவதில் வரும் களைப்பில் பெரும்பங்கு இந்தத் தெரியாமையால் வருவது. அந்தக் களைப்பை ஹோண்டா பாதியாகக் குறைத்துவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

விளக்கு, வைப்பர் சுவிட்சுகள் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில், சாதாரண ஹோண்டாவில் இருப்பது போலவே இருக்கின்றன. தானாக வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும் ஏசி. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்க, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக வேலை செய்யும் ஏபிஎஸ். கிளட்ச்சில் பெரிய தட்டு ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய தட்டுகள் இரண்டை வைத்தார்கள். பிடிப்பும் போதுமானது, மிதிக்கவும் லேசு. நெரிசலில் அரை மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்து போயிருப்பவர்களுக்கு இந்த ஒன்றின் மதிப்பு புரியும்.

எல்லாமே இதமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முதல் சில ஆண்டுகள் கைக் கியர் வைத்த கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. ஓடும்போது சாலையை விரலில் உணரலாம், அது பேரின்பம். ஆனால் நெருக்கமான இடத்தில் நிறுத்தும்போது தோள் வலிக்கும். ஆட்டோமேடிக் கியர் கார்களுக்கு மட்டும் மின் பவர் ஸ்டியரிங் கொடுத்திருந்தார்கள். 1995 முதல் எல்லாவற்றுக்கும் வந்தது. டிக்கி இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கோல்ஃப் பை வைக்கலாம், இரண்டு பேருக்கு வார இறுதிப் பெட்டி வைக்கலாம். ஆனால் பக்கத்திலேயே இன்ஜினும் சைலன்சரும் இருப்பதால் உள்ளே வைத்த பொருள் சூடாகிவிடும். பாலும் மீனும் வாங்கி வைத்துக்கொண்டு நீண்ட தூரம் போக முடியாது. முன்பக்கம் ரேடியேட்டருக்கும் ஸ்டெப்னிக்கும் போய்விட்டது. கதவு நீளம், இருக்கை தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்கும்போது எதையாவது பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டு குணம் கொண்ட இன்ஜின்

நெரிசலில் ஊரும் கார் இன்ஜினுக்கும் பந்தயத் தடத்தில் ஓடும் கார் இன்ஜினுக்கும் வேண்டியது வேறு வேறு. வால்வை எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் திறந்து வைக்க வேண்டும் என்பதைக் கேம் தண்டின் மேடு முடிவு செய்கிறது. உயரமான மேடு வைத்தால் அதிகச் சுழற்சியில் காற்று தாராளமாக உள்ளே போகும், சக்தி கூடும். ஆனால் மெதுவாகச் சுற்றும்போது இன்ஜின் நடுங்கும், திணறும், அணைந்துபோகும். தாழ்ந்த மேடு வைத்தால் சிக்னலில் அமைதியாக நிற்கும். மேலே போக மூச்சு வாங்கும். அந்தக் கால வேகக்கார்கள் உயரமான மேட்டைத் தேர்ந்தெடுத்தன. அதனால்தான் ஊருக்குள் அவை முரண்டு பிடித்தன.

ஹோண்டாவின் விடெக் முறையில் இரண்டு வகை மேடும் ஒரே தண்டில் இருக்கின்றன. குறைந்த சுழற்சியில் தாழ்ந்த மேடுகள் வால்வுகளை இயக்கும். சுழற்சி நிமிடத்துக்கு 5,800ஐ நெருங்கும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளும். அது வால்வுகளைத் தள்ளும் பக்கத்துப் பக்கத்து ராக்கர் கைகளை ஒன்றாகப் பூட்டும். அப்போதிருந்து நடுவில் உள்ள உயரமான மேடு எல்லாவற்றையும் இயக்கும். ஓட்டுபவர் ஒரு பொத்தானையும் தொடுவதில்லை. காதில் மட்டும் தெரியும்: அடங்கி ஒலித்த இன்ஜின் திடீரென்று குரலெடுத்துப் பாடும். பிறகு 8,000 வரைக்கும் தங்குதடையில்லாமல் போகும். அவ்வளவு சுழற்சியைத் தாங்குவதற்காக, பிஸ்டன்களோடு இணைந்து ஓடும் கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்தார்கள். தொடர் உற்பத்திக் காரில் அது முதல்முறை.

முதலில் திட்டத்தில் இருந்தது இதைவிட எளிய இன்ஜின். விடெக் வேண்டும் என்று அன்றைய ஹோண்டா தலைவர் தாதாஷி குமே நிறைவுக் கட்டத்தில் கேட்டார். சிலிண்டர் தலை பெரிதானது. குறுக்குவாட்டில் வைத்த இன்ஜினை இடத்துக்குள் அடக்க அதைச் சற்றுப் பின்னால் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. வேலை பாதிக்கு மேல் முடிந்த நேரத்தில் இப்படி ஒரு கட்டளை வந்தால் எந்தப் பொறியாளருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தக் கட்டளை இல்லாவிட்டால் இந்தக் கார் இன்று பேசப்பட்டிருக்காது.

இன்ஜினைக் குறுக்குவாட்டில் வைத்ததில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. என்எஸ்எக்ஸிலும் ஃபெராரி 348லும் கேம்களை இயக்குவது ரப்பர் பெல்ட்தான். குறிப்பிட்ட காலத்தில் மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜின் போய்விடும். 348ல் இன்ஜின் நீளவாட்டில் இருக்கிறது. பெல்ட் இருக்கும் பக்கம் ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி மாட்டிக்கொண்டது. மாற்ற வேண்டுமானால் முழு இன்ஜினையும் கீழே இறக்க வேண்டும். என்எஸ்எக்ஸில் பெல்ட் காரின் ஒரு பக்கவாட்டில் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால் கைக்கு எட்டும். இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்க, மெக்கானிக் பெல்ட்டை மாற்றிவிடலாம். தினமும் ஓடும் காருக்கு இந்த வேலை அடிக்கடி வந்து நிற்கும். ஒன்று பட்டறையில் வாரக்கணக்கில் கிடக்கிறது, மற்றொன்று சீக்கிரம் வீடு திரும்புகிறது.

பள்ளத்தில் சக்கரம் விழும்போது

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வெளியே தெரியாது. முன்சக்கரங்களை உடலோடு இணைத்து அடியைத் தாங்கும் முன் சஸ்பென்ஷனில் ஒளிந்திருக்கிறது.

ஓடும் காரின் முன்சக்கரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடி சக்கரத்தை மேலே மட்டும் தள்ளுவதில்லை, பின்னோக்கியும் தள்ளுகிறது. சாதாரணக் காரில் சஸ்பென்ஷன் கைகளின் முனையில் மெத்தென்ற ரப்பர் புஷ் இருக்கும். அது கொஞ்சம் நசுங்கி, சக்கரத்தைப் பின்னால் போகவிட்டு, அடியை விழுங்கிவிடும். ஓட்டுபவருக்கு மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் சக்கரம் அப்படிப் பின்னால் போகும்போது, ஸ்டியரிங் கம்பி அதை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால், சக்கரம் நேராகப் போகாமல் லேசாகத் திரும்பிவிடும். மெதுவாகப் போகும்போது இது பொருட்டல்ல. 150 கி.மீ. வேகத்தில் கார் பக்கவாட்டில் ஒரு துள்ளல் துள்ளும்.

அதனால் வேகக்கார் செய்பவர்கள் ரப்பரைக் கடினமாக்கினார்கள். துள்ளல் நின்றது. ஆனால் சாலையின் ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தாரும் நேராக முதுகெலும்புக்கு வந்தது. வேகக்காரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாமல் செய்தது இதுதான்.

ஹோண்டா என்ன செய்தது? மேல் கையையும் கீழ்க் கையையும் தனித்தனியே காரோடு மாட்டாமல், செங்குத்தாக நிற்கும் ஒரு சுழல் துண்டு வழியாக இரண்டையும் இணைத்தது. சக்கரத்தின் மேல் பின்னோக்கிய அடி விழுந்தால் அந்தத் துண்டு தன் அச்சில் சற்றுத் திரும்பும். மேல் கையும் கீழ்க் கையும் ஒரே அளவில், ஒன்றாகப் பின்னால் போகும். சக்கரம் அடிக்கு வழிவிடுகிறது, ஆனால் தன் திசையை மாற்றிக்கொள்வதில்லை. மெத்தென்ற ரப்பரின் சுகமும் கடின ரப்பரின் நேர்த்தியும் ஒரே இடத்தில். ஒரு கையளவு அலுமினியத் துண்டு செய்கிற வேலை இது. விளம்பரத்தில் காட்ட முடியாது, வாங்குபவர் குனிந்து பார்த்தாலும் புரியாது. ஆனால் இரவு பத்து மணிக்கு வேலை முடித்து வீடு திரும்பும் ஒருவரின் முதுகுக்கு அது தெரியும்.

இது ஒழுங்காக வேலை செய்ய உடல் விறைப்பாக இருக்க வேண்டும். 1989 பிப்ரவரியில் சுசூகா பந்தயத் தடத்தில் அயர்டன் சென்னா மாதிரிக் காரை ஓட்டிப் பார்த்தார். அப்போது அவர் மெக்லாரன் அணிக்காக ஹோண்டா இன்ஜினோடு பந்தயம் ஓட்டிக்கொண்டிருந்தவர். கார் கொஞ்சம் மென்மையாக, உடையக்கூடியதாகத் தோன்றுகிறது என்று சொன்னார். உஎஹாராவின் குழு ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்துக்குக் காரைக் கொண்டுபோய், பக்கத்திலேயே தங்கி, சுமார் எட்டு மாதம் அங்கேயே ஓட்டி ஓட்டிச் சரிசெய்தது. முடிவில் உடலின் விறைப்பு 50 சதவீதம் கூடியது என்று ஹோண்டா சொல்கிறது. பந்தய வீரர் ஒருவர் சொன்ன குறை என்பதால் இதை வேகத்துக்கான மாற்றமாக மட்டுமே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடல் முறுக்கிக்கொள்ளாவிட்டால் ஸ்பிரிங்கை மென்மையாக வைத்துக்கொள்ளலாம். கதவும் டாஷ்போர்டும் பத்து ஆண்டு கழித்தும் கடகடக்காது. சென்னாவின் குறைகூறலால் அதிகம் பயனடைந்தவர் அன்றாடம் ஓட்டுபவர்தான்.

தினசரி ஓட்டம் கண்டுபிடித்த குறைகள்

நூர்பர்க்ரிங்கில் எட்டு மாதம் ஓட்டியும் தெரியாத ஒன்று, வாங்கியவர்களின் கையில் சில மாதங்களில் தெரிந்தது. பின் டயர்கள் தேய்ந்துகொண்டே இருந்தன. சிலருக்கு 8,000 கி.மீ. ஆவதற்குள்ளேயே முடிந்துபோனது. அதுவும் உள்விளிம்பில். நின்றபடி பார்த்தால் டயர் நன்றாகத்தான் இருக்கும். குனிந்து உள்பக்கம் கையால் தடவினால் ரம்பப் பல் மாதிரி நெருடும்.

காரணம் டோ-இன். காரை மேலிருந்து பார்த்தால் பின்சக்கரங்கள் இரண்டும் மிகச் சிறிதளவு உள்நோக்கித் திரும்பியிருக்கும். வளைவில் காரின் பின்பக்கம் வழுக்காமல் நிலையாக இருக்க இது உதவும். நடு இன்ஜின் காருக்கு இது அவசியமும்கூட. எடை பின்னால் இருப்பதால், வழுக்க ஆரம்பித்தால் பம்பரமாகச் சுற்றிவிடும். ஆனால் நேர்ச்சாலையில் அந்தச் சக்கரம் கார் போகும் திசையில் உருளாமல், ஒரு துளி பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சக்கரம் கால் பாகை மட்டும் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு அது நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. 8,000 கி.மீ. ஓடினால் 35 கி.மீ. தூரம் டயரைத் தரையில் அழித்த கணக்கு. இதோடு, ஒட்டும் குணத்துக்காகத் தேர்ந்தெடுத்த மென்மையான ரப்பரும் சேர்ந்துகொண்டது.

அமெரிக்காவில் இது வழக்கு வரை போனது. ஹோண்டா அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களின் அளவைத் திருத்தி, டோ-இன்னைக் குறைத்தது. தேய்மானம் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. இந்தக் காரைத் தினமும் ஓட்டுகிறவர் பின் டயரை ஒரு நுகர்பொருளாகவே எண்ணிக்கொள்ள வேண்டும், எண்ணெய் மாதிரி, பிரேக் பேடு மாதிரி. பந்தயத் தடத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு கி.மீ. ஓட்டுவார், டயரை மாற்றுவது வாடிக்கை. அலுவலகம் போகிறவர் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கி.மீ. நேர்ச்சாலையில் உருட்டிக்கொண்டு போகிறார். இரண்டும் வேறு வேறு சோதனை. இரண்டாவது சோதனையை யாரும் முன்கூட்டிச் செய்து பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

இரண்டாவது குறை கியர்பாக்ஸில். 1991, 1992ல் வந்த கார்களில் ஒரு பகுதிக்கு மட்டும். ஐந்து கியர் பெட்டிக்குள் ஒரு தண்டின் பேரிங்கை இடத்தில் நிறுத்தி வைப்பது ஒரு ஸ்னாப் ரிங், அதாவது வளைந்து பொருந்தும் மெல்லிய எஃகு வளையம். அது உட்காரும் பள்ளத்தைக் கடைந்தபோது சற்று அகலமாகிவிட்டது. வளையம் இறுக்கமாக உட்காராமல் ஆடியது. ஆடி ஆடி ஒரு நாள் உடைந்தது. உடைந்த துண்டு பல்சக்கரங்களுக்கிடையே விழுந்தால் அப்புறம் முழுப் பெட்டியும் திறக்க வேண்டியதுதான். பழைய என்எஸ்எக்ஸ் வாங்குகிறவர்கள் இன்றும் முதலில் கியர்பெட்டியின் வரிசை எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பாதிப்பு என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

மற்றவை சிறியவை. ஏசியைக் கட்டுப்படுத்தும் மின்பலகையிலும் ஒலிபெருக்கியிலும் உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாகிக் கசியும். ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால் என்பதால் தண்ணீர் காரின் நீளம் முழுக்கப் போய்வர வேண்டும். அந்த ரப்பர் குழாய்கள் காலப்போக்கில் இறுகும், மாற்ற வேண்டும். இவை எந்தப் பழைய காருக்கும் வருகிற வயோதிகம்தான். இன்ஜின் மட்டும் அசைவதில்லை. பெல்ட்டையும் எண்ணெயையும் நேரத்துக்கு மாற்றிவந்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது.

மோதினால் கதை வேறு. அலுமினிய உடலைச் சாதாரணப் பட்டறையில் தட்டி எடுக்க முடியாது. ஸ்டீலுக்குப் பயன்படுத்திய அரமும் தூரிகையும் அலுமினியத்தில் பட்டாலே பின்னாளில் அரிப்பு வரும். வெல்டிங் முறையும் வேறு. உப்புத் தூவும் பனிநாட்டுச் சாலையில் துருப்பிடிக்காமல் காப்பாற்றும் அதே உலோகம், ஒரு சின்ன மோதலில் காப்பீட்டு நிறுவனத்தைத் திகைக்க வைக்கும்.

கோர்டன் மர்ரி ஓட்டிய 75,000 கிலோமீட்டர்

தினசரி ஓட்டத்துக்குச் சாட்சி வேண்டுமென்றால் கோர்டன் மர்ரியைவிடப் பொருத்தமானவர் இல்லை. பிரபாம், மெக்லாரன் அணிகளுக்குப் பந்தயக் கார்களை வடிவமைத்தவர். பின்னாளில் உலகின் மிக வேகமான சாலைக் கார் என்று பெயரெடுத்த மெக்லாரன் எஃப்1ஐ அந்த நேரத்தில் வரைந்துகொண்டிருந்தார். ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஜப்பானுக்குப் போனபோது டோச்சிகியில் என்எஸ்எக்ஸ் மாதிரியை ஓட்டினார். அதுவரை அளவுகோலாக வைத்திருந்த எல்லாக் கார்களும் அந்தக் கணத்தில் மனதிலிருந்து மறைந்துபோயின என்று பிற்பாடு எழுதினார். அதன் சக்தி அவருக்குப் போதவில்லை. அவரைக் கவர்ந்தது, பயணத்தின் இதமும் கையாளும் விதமும் சேர்ந்தே கிடைத்தது. எஃப்1க்கு அதுவே இலக்காயிற்று.

பிறகு அவர் சொந்தமாக ஒரு என்எஸ்எக்ஸ் வாங்கி, ஏழு ஆண்டுகளில் 75,000 கி.மீ. ஓட்டினார். சராசரி பார்த்தால் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். உறை போர்த்தி வைத்த கார் இந்தத் தூரம் ஓடாது.

அவர் வரைந்த எஃப்1லும் அந்தப் பாடம் தெரிகிறது. ஏசி உண்டு, இரு பக்கமும் பெட்டி வைக்க இடம் உண்டு, மூன்று பேர் உட்காரலாம். பிரிட்டிஷ் நடிகர் ரோவன் அட்கின்சன் 1997ல் ஒன்றை வாங்கி, சுமார் 66,000 கி.மீ. ஓட்டினார். 2011ல் நடந்த விபத்துக்குப் பிறகு அதைப் பழுதுபார்க்கக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை 9,10,000 பவுண்டு. பழுது நீங்கியதும் அவர் மறுபடி ஓட்டினார். 2015ல் விற்றபோது கிடைத்தது சுமார் 80 லட்சம் பவுண்டு. ஓட்டினால் மதிப்பு போய்விடும் என்று அஞ்சிக் காரைப் பூட்டி வைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். எல்லாக் காருக்கும் இப்படி நடக்காது என்பது சரி. ஆனால் ஓடிய காரை உலகம் ஒதுக்குவதில்லை.

விற்பனை

வந்த புதிதில் ஜப்பானில் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொருளாதாரக் குமிழி வெடித்ததும் அந்தப் பட்டியல் கரைந்தது. யென்னின் மதிப்பு ஏறியது. அமெரிக்காவில் 60,000 டாலரை ஒட்டித் தொடங்கிய விலை, 2005ல் 90,000 டாலரை நெருங்கியிருந்தது. அதே காலத்தில் காரில் நடந்த மாற்றங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்: 1995ல் கழற்றும் கூரை, 1997ல் 3.2 லிட்டர் இன்ஜினும் ஆறு கியரும், 2002ல் மேலெழும் விளக்குகளுக்குப் பதிலாக நிலையான விளக்குகள். சக்தி அமெரிக்கக் கணக்கில் 290 குதிரைத்திறனில் நின்றுவிட்டது.

போர்ஷே 911 இதற்கு நேரெதிர் வழியில் போனது. 911 ஏற்கெனவே தினமும் ஓட்டக்கூடிய கார்தான். பின்னால் சிறு இருக்கைகள்கூட இருந்தன. சில ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்திக்கொண்டே வந்தார்கள். ஃபெராரியும் சும்மா இருக்கவில்லை. 348க்கு அடுத்து வந்த 355 ஓட்டுவதற்கு எவ்வளவோ இனிமையான கார். என்எஸ்எக்ஸ் காட்டிய வழியில் மற்றவர்கள் நடந்து முன்னால் போனார்கள், ஹோண்டா தொடங்கிய இடத்திலேயே நின்றது. இது பொறியாளர்களின் தோல்வி அல்ல. அந்தக் காரை வளர்க்க நிர்வாகம் பணம் ஒதுக்கவில்லை. நல்ல நாற்றை நட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச மறந்த மாதிரி. 15 ஆண்டுகளில் மொத்தம் 18,000 கார்களுக்கு மேல் செய்து, 2005ல் நிறுத்தினார்கள்.

2016ல் அதே பெயரில் மின்மோட்டார்களும் சேர்ந்த புதிய கார் வந்தது. அதிகாலையில் அக்கம்பக்கத்தை எழுப்பாமல் மின்சாரத்திலேயே தெருவைத் தாண்டிப் போகும் வசதிகூட அதில் இருந்தது. திறமையான கார். 2022ல் அதுவும் நின்றது.

திரும்பி வரும் கார்கள்

1993லேயே ஹோண்டா ஜப்பானில் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. பழசான என்எஸ்எக்ஸை உரிமையாளர் டோச்சிகிக்குக் கொண்டுவரலாம். அந்தக் காரை அறிந்தவர்கள் அதைப் பிரித்து, பார்த்து, புதுப்பித்துத் தருவார்கள். இன்ஜின், சஸ்பென்ஷன், உள் இருக்கைகள், வெளி வண்ணம் என எதைப் புதுப்பிக்க வேண்டும் என்று உரிமையாளர் தேர்ந்தெடுக்கலாம். புதுப்பித்தல் என்றுதான் அதற்குப் பெயரும் வைத்தார்கள். கார் உற்பத்தி நின்ற பிறகும் அது தொடர்ந்தது.

இந்த வேலையில் சஸ்பென்ஷன் பகுதிதான் என் மனதைத் தொடுகிறது. பல ஆண்டு ஓடிய காரில் ரப்பர் புஷ்கள் இறுகிக் கல்லாகியிருக்கும். சக்கரம் பள்ளத்தில் விழும்போது வழிவிட வேண்டிய இடத்தில் வழிவிடாது. அடி நேராக மேலே வரும். உரிமையாளர் மெல்ல மெல்லப் பழகிப்போய், கார் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பழைய ரப்பரைப் பிதுக்கி எடுத்துவிட்டு, புதியதை அழுத்தி, அலைன்மென்ட் பார்த்து, காரை இறக்கி வைக்கிறார்கள். அவர் சாவியை வாங்கிக்கொண்டு, வந்த அதே சாலையில் வீட்டுக்கு ஓட்டிப் போகிறார்.